சட்டகத்துக்குள் மறையும் எச்சரிக்கை

கடலுக்குப் போகிறவர் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறப்பது, காற்று எத்தனை வேகத்தில் வீசும், அலை எவ்வளவு உயரம் எழும், இன்று படகை இறக்கலாமா கூடாதா என்னும் விஷயங்களை அறிவதற்காகவே என்று திரேஸ்புரம், தருவைகுளம், புன்னைக்காயல் ஆகிய மீனவ ஊர்களில் எவரும் சொல்லுவார்கள். அலையையும், திடீரென்று கரையேறும் கள்ளக்கடலையும் பற்றி ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையமும், காற்றையும் மழையையும் பற்றி இந்திய வானிலை ஆய்வுத் துறையும் எச்சரிக்கை தருகின்றன. ஆகையால், உள்ளூர் அலுவலகம் ஒன்று தன் பக்கத்தின் நடுவே ஒரு சட்டகத்தை அமைத்து, அந்த நிறுவனங்களின் பக்கத்தை அதற்குள் அப்படியே தோன்றச் செய்துவிடுவது சுலபமான உபாயமாகப் படுகிறது. உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்கு அந்த உபாயத்தை நம்பலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் 2.0 உலாவியோடு பரவிய சட்டக முறையில் ஓர் அபாயம் மறைந்திருந்தது. வஞ்சகன் ஒருவன் வங்கியின் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத சட்டகமாக்கி, வேறொரு பொத்தானின்மேல் பரப்பிவைத்தால், வாசகர் ஒன்றை அழுத்துவதாக எண்ணி மற்றொன்றை அழுத்திவிடுவார். 2008-ல் ராபர்ட் ஹேன்சன், ஜெரமையா கிராஸ்மன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதை உலகறியச் செய்தபின், 2009-ல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 உலாவியில் ‘எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்’ என்னும் கட்டளைக்கு இடந்தந்தது. அயலார் சட்டகத்துக்குள் தன்னைக் காட்டலாகாது என்று ஒரு தளம் இக்கட்டளையால் விதித்துவிட்டால், உலாவி அந்த இடத்தை வெற்றிடமாகவோ ஒரு பிழைக் குறிப்போடோ விட்டுவிடும். ஆகவே அந்த வெறுமையைப் பழுதென்று நிந்திப்பது நியாயமன்று. அது வேண்டுமென்றே பூட்டிய கதவு.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமான காரியமும் அன்று. தோன்றாத பக்கத்தின் முகவரியைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். அங்கும் திறக்கவில்லையென்றால் குறை அந்தத் தளத்தினுடையது. தனியே நன்றாகத் திறந்து சட்டகத்தில் மட்டும் மறுக்குமானால், பெரும்பாலும் மேற்சொன்ன தடையோ, அல்லது ‘எச்டிடிபிஎஸ்’ வழியாக வரும் பாதுகாப்பான பக்கத்துக்குள் பழைய ‘எச்டிடிபி’ முகவரியை வைத்த பிழையோ காரணமாக இருக்கும். கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் இன்ன காரணம் என்று அதுவே எழுதிக் காட்டும். இன்னொரு வகையும் உண்டு: சட்டகம் சரியாகவே தோன்றும், அதற்குள்ளிருக்கும் ஓர் இணைப்பை அழுத்தியவுடன் வெறுமையாகிவிடும். புதிய பக்கமும் அச்சிறு சட்டகத்துக்குள்ளேயே திறக்க முயன்று தடுக்கப்படுவதால் வரும் விளைவு இது. இணைப்பு முழுத் திரையிலோ தனித் தாவலிலோ திறக்கும்படி அதன் இலக்கைக் குறித்துவிட்டால் தீர்ந்தது.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறு. வெளித் தளத்தார் ஒரு பாதுகாப்புத் தணிக்கைக்குப் பிறகு இன்று அந்தக் கட்டளையைச் சேர்த்தார்களானால், நேற்றுவரை தோன்றிய எச்சரிக்கை, உள்ளூர்ப் பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறாதிருக்கையிலேயே மறைந்துபோகும். உள்ளடங்கிய பக்கம் தோன்றிற்றா மறுக்கப்பட்டதா என்பதைத் தாய்ப் பக்கம் அறிந்துகொள்ள நேரான வழியை உலாவி தருவதில்லை. நிர்வாகிக்குத் தகவல் வராது, வெற்றிடத்தைக் காண்பவர் கரையில் நிற்கும் மீனவர் மட்டுமே. அவரோ அதை எச்சரிக்கை ஒன்றுமில்லை என்று பொருள்கொண்டு கடலுக்குப் போய்விடக் கூடும்.

இந்த இடத்தில் நம் துறைமுகங்களின் பழைய ஏற்பாடு எத்தனை தீர்க்கதரிசனம் உடையது என்பதை நினைக்க வேண்டும். பகலில் கூண்டாகவும் இரவில் விளக்காகவும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைச் சின்னங்கள் பதினொன்றில், கடைசியான 11-ஆம் எண், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதையே அறிவிக்கிறது. செய்தி வரவில்லை என்பதையும் ஒரு செய்தியாகக் கரைக்குச் சொல்லத் தெரிந்த ஏற்பாடு அது. சட்டகத்துக்கு அந்தப் பதினோராவது சின்னம் இல்லை.

ஆதலால் கடலோர அலுவலகங்கள் செய்ய வேண்டியது இது: எச்சரிக்கையின் சாரத்தை, வெளியிட்ட நாளும் நேரமும் சேர்த்து, தமிழில் நாலு வரியாகத் தம் பக்கத்திலேயே எழுதி, மூலப் பக்கத்துக்குத் தனியே திறக்கும் ஓர் இணைப்பைக் கீழே தர வேண்டும், குறித்த நேரத்தில் புதிய செய்தி வராவிட்டால், வரவில்லை என்று அங்கேயே சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போனதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட வேளையில் மெலிந்த சிக்னலிலும் வந்து சேருவது எழுத்துதான், அயல் தளத்தின் கனமான வரைபடம் அன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒவ்வோர் அக்டோபரிலும், அலுவலகக் கணினியில் அல்லாமல் படகுத்துறையில் நின்றுகொண்டு ஒரு சாதாரணக் கைபேசியில் பொறுப்பான அதிகாரி ஒருவர் இந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கட்டும். வெற்றிடமாயிருக்கும் சட்டகங்களை அன்றே அகற்றிவிடட்டும்.