நூறு டாலர் கொம்பு

எக்ஸ்பாக்ஸ் 360ன்னு ஒரு கேம் பெட்டி. 2005ல அமெரிக்காவுல 300, 400 டாலர்னு ரெண்டு விதமா வித்தாங்க. ரெண்டுலயும் வைஃபை கிடையாது! வேணும்னா பின்னாடி மாட்டற கொம்பு ஒண்ணு, தனியா 100 டாலர். அடுத்த வருஷம் வந்த நிண்டெண்டோ வீ 250 டாலர்தான். வைஃபை உள்ளேயே இருந்துச்சு.

"தேவையில்லாதவன் ஏன் அதுக்குக் காசு கொடுக்கணும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா தேவைப்படறவனுக்கு மட்டும் நூறு டாலர் தண்டமா?

லேப்டாப்ல ஏற்கனவே வைஃபை இருக்கு. அதையும் கேம் பெட்டியையும் ஒரு ஈதர்நெட் கேபிளால இணைங்க. விண்டோஸ்ல வைஃபை இணைப்போட பிராப்பர்ட்டீஸ் போய் ஷேரிங்ல டிக் போடுங்க. பெட்டிக்கும் நெட் வந்துடும். லேப்டாப்பை அணைக்காம வச்சிருக்கணும், அவ்ளோதான். கூத்து என்னன்னா, 1999லயே விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புல இந்த வசதியைக் கொடுத்ததும் அதே மைக்ரோசாஃப்ட்தான்!

பெட்டி விலையைக் கம்மியா காட்டு, உதிரியில கறந்துடு. காமர்ஸ் படிக்கிற எனக்கு இது புதுசில்ல. 2010ல வந்த ஒல்லி 360ல வைஃபை உள்ளேயே வந்துச்சு, 300 டாலருக்கே. அப்ப அதுக்கு முன்னாடி கொம்பு வாங்கினவன் இளிச்சவாயனா?

கையில இருக்கறது போதுமான்னு பாத்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க மக்களே!