நடக்கும் இரும்பும் பறக்கும் யமனும்

வருங்கால யுத்தம் எத்தகையதாக இருக்கும் என்று கேட்டால், பலருடைய மனக்கண்ணில் இரும்பாலான போர்வீரன் ஒருவனே எழுந்து நிற்கிறான். இரண்டு காலாலோ நான்கு காலாலோ அவன் நடந்து வருகிறான், பசியறியான், உறக்கமறியான், குண்டு பட்டாலும் கலங்கான். 2024 மே மாதத்தில் சீனாவும் கம்போடியாவும் சேர்ந்து நடத்திய போர்ப் பயிற்சியில், முதுகிலே துப்பாக்கி பூட்டிய இயந்திர நாயொன்று காட்டப்பட்டது. உலகப் பத்திரிகைகள் பலவும் அதன் படத்தை வெளியிட்டு, போரின் எதிர்காலம் இதுதான் என்று வியந்தன.

அதே மாதத்தில் உக்ரைன் நாட்டுப் போர்முனையில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது இயந்திர நாயன்று. ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலைக்குள் அடங்கக்கூடிய, நான்கு விசிறிகள் கொண்ட, இளைஞன் ஒருவன் ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு ட்ரோன்களே அந்த வேலையைச் செய்தன. உலகம் ஒன்றைப் பார்த்து அஞ்சுகிறது. உயிரைக் குடிப்பதோ வேறொன்று. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்குச் சட்டம் செய்ய வேண்டும் என்பதை அறிய விரும்புவோர், இந்த இரு வகை இயந்திரங்களில் எது நடைமுறைக்கு உதவுகிறது, ஏன் உதவுகிறது என்பதை முதலில் ஆராய வேண்டும். இதைப் பொறியியலாளரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட நாம் உடன்படோம்.

நடக்கும் இயந்திரத்தின்மீது படைத்துறையினர் கொண்ட ஆசை காரணமற்றதன்று. மாரிகாலச் சேற்றில் உழவு இயந்திரம் புதைந்து நிற்க, அதன் பக்கத்தாலே எருமை நடந்து போவதைக் காணாத கமக்காரர் இல்லை. சக்கரத்துக்குப் பாதை வேண்டும். காலுக்கு மிதிக்க ஓர் இடம் இருந்தாற் போதும். இந்த உண்மையைக் கொண்டுதான் 1960களில் அமெரிக்கத் தரைப்படைக்காக ஜெனரல் எலக்ட்ரிக் கொம்பனி நான்கு காலில் நடக்கும் வண்டியொன்றைச் செய்தது. உள்ளே அமர்ந்தவன் தன் இரு கைகளாலும் இரு கால்களாலும் வண்டியின் நான்கு கால்களை இயக்க வேண்டும். வண்டி நடந்தது உண்மை. ஆனால் ஓட்டியவன் சிறிது நேரத்திலேயே களைத்துப் போனான். அத்திட்டம் அத்துடன் நின்றது.

கணிப்பொறி வளர்ந்தபின் ஆசை மீண்டும் தளிர்த்தது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகவரகமான தார்ப்பாவின் பணத்தில், பொஸ்டன் டைனமிக்ஸ் என்னும் நிறுவனம் 2005 இல் 'பிக்டோக்' என்ற நான்குகால் இயந்திரத்தை உருவாக்கிற்று. அதன் வழிவந்த பெரிய இயந்திரத்துக்காக 2010 இல் 3 கோடியே 20 இலட்சம் டொலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 400 இறாத்தல் பாரத்தைச் சுமந்து, 20 மைல் தூரம், 24 மணி நேரம் படையினரைத் தொடர்ந்து செல்வதே அதற்கு வைக்கப்பட்ட இலக்கு. நம் வழக்கிற் சொன்னால், மூன்றரை உரமூடை சுமக்கும் இரும்புக் கழுதை. 2014 இல் ஹவாய்த் தீவில் நடந்த பயிற்சியில் அமெரிக்கக் கடற்படைத் துருப்பினர் அதைக் காட்டிலும் மேட்டிலும் நடத்திப் பார்த்தனர். 2015 முடிவில் அதைக் கைவிட்டனர். காரணம் யாது? அதன் பெற்றோல் இயந்திரம் புல்வெட்டும் இயந்திரத்தைப்போல் இரைந்தது. பகைவன் காதில் விழாமல் நகர வேண்டிய படைக்கு, தன் வரவைத் தானே பறைசாற்றும் கழுதை எதற்கு? பழுதானால் களத்தில் வைத்துத் திருத்துவதும் இலகுவாக இருக்கவில்லை.

இரைச்சலை நீக்க மின்கலத்தை வைத்தார்கள். இரைச்சல் போயிற்று; கூடவே வலிமையும் போயிற்று. அதே நிறுவனத்தின் 'ஸ்பொட்' என்னும் இயந்திர நாய் சுமப்பது 14 கிலோ. ஒருமுறை மின்னேற்றினால் நடப்பது ஏறத்தாழ 90 நிமிடம். 2020 இல் விற்பனைக்கு வந்தபோது விலை 74,500 டொலர். போருக்குப் போகும் ஒரு போர்வீரனின் முதுகுச் சுமையிற் பாதியைக்கூட அதன்மீது ஏற்ற இயலாது.

இந்தக் குறை ஒரு நிறுவனத்தின் கைக்குறை அன்று. காலின் இயல்பிலேயே உள்ளது. நான்கு கால், காலுக்கு மூன்று மூட்டு, ஆகப் பன்னிரண்டு மூட்டுகள். மூட்டுக்கு ஒரு மோட்டார். அசையாது நிற்பதற்கும் அந்த மோட்டார்கள் சக்தியைச் செலவிட வேண்டும். சக்கர வண்டி செலவின்றி நிற்கும். கால் கொண்ட இயந்திரமோ நிற்பதற்கும் உழைக்கிறது. மூட்டுக்குள் மணலும் சேறும் புகும். எருமைக்கு அதன் எரிபொருள் வயலோரத்திலேயே முளைக்கிறது. காயம் பட்டால் தானே ஆறுகிறது. இரும்பு எருமைக்கு இவ்விரண்டும் இல்லை.

எனினும் கால்களுக்குப் போரில் இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. படிக்கட்டு ஏறுதல், இடிந்த கட்டடத்துக்குள் நுழைதல், சுரங்கத்துள் எட்டிப் பார்த்தல் ஆகியவற்றுக்கு இயந்திர நாய் உதவும். சீன நிறுவனங்களின் போட்டியால் அதன் விலையும் வீழ்ந்து வருகிறது. ஆயினும் அது சிறு கருவி. படையின் முதுகெலும்பு ஆகாது. உக்ரைன் களத்தில் தரைவழியே வெடிமருந்தை முன்னே கொண்டு செல்வதும் காயப்பட்டோரைப் பின்னே கொண்டு வருவதும் பெரும்பாலும் சக்கரமும் சங்கிலிப்பட்டியும் பூட்டிய ஆளில்லா வண்டிகளே. உயிர் போகும் இடத்தில் மனிதன் வேடிக்கையை விட்டு எளிமையைத் தேர்ந்தெடுக்கிறான்.

இனிப் பறக்கும் இயந்திரத்தைப் பார்ப்போம். நான்கு விசிறி, நான்கு மோட்டார், ஒரு மின்கலம், ஒரு கமரா: அதில் மூட்டு என்பதே இல்லை. சேறு அதைத் தடுக்காது. வேலி அதைத் தடுக்காது. ஆறு அதைத் தடுக்காது. அமெரிக்கா 2001 இல் ஆப்கானிஸ்தானில் ஏவுகணை பூட்டிய 'பிரிடேற்றர்' விமானத்தைப் பயன்படுத்தியபோது, அது செல்வந்த வல்லரசின் ஆயுதமாக இருந்தது. 2020 இல் நகோர்னோ கரபாக்கில் 44 நாட்கள் நடந்த போரில், அசர்பைஜான் துருக்கியிடம் வாங்கிய ஆளில்லா விமானங்களைக் கொண்டு ஆர்மேனியாவின் தாங்கிகளையும் பீரங்கிகளையும் அழித்தது. சிறு நாடும் வானத்தை விலைக்கு வாங்கலாம் என்று அன்று உலகம் கண்டது. 2022 இல் தொடங்கிய உக்ரைன் முழுப்போரிலோ, துருக்கியின் அந்தப் பெரிய விமானமே விரைவில் எதிரியின் வான்பாதுகாப்புக்கு அஞ்சிப் பின்வாங்க, 400, 500 டொலர் பெறுமதியான சிறு ட்ரோன் முன்னுக்கு வந்தது. ஒரு 'ஸ்பொட்' நாயின் விலைக்கு ஏறத்தாழ 150 ட்ரோன்கள் வாங்கலாம். 2024 இல் பத்து இலட்சம் ட்ரோன்களைச் செய்வோம் என்று உக்ரைன் ஜனாதிபதி செலன்ஸ்கி 2023 டிசெம்பரில் அறிவித்தார். 2025 யூன் 1 இல், லொறிகளில் மறைத்துக் கொண்டு செல்லப்பட்ட 117 ட்ரோன்கள், போர்முனைக்கு வெகு தொலைவுக்கு அப்பாலிருந்த ரஷ்ய விமானத் தளங்களையும் தாக்கின. மறுபுறத்தில் ரஷ்யா, ஈரானிய அமைப்பிலான 'ஷஹீத்' ட்ரோன்களை உக்ரைன் நகரங்கள்மீது இரவிரவாக ஏவிற்று. அவ்வாறான ட்ரோன் ஒன்றின் விலை சில பத்தாயிரம் டொலர். அதை வீழ்த்த 'பேற்றியட்' ஏவுகணையை விட்டால் செலவு சில பத்து இலட்சம் டொலர். எய்பவனுக்கு மலிவு, தடுப்பவனுக்கு நாசம் என்ற கணக்கே இன்றைய யுத்தத்தின் புதிய வாய்பாடு.

ட்ரோனுக்கும் பலவீனம் உண்டு. மழையும் காற்றும் மூடுபனியும் அதை முடக்கும். சிறு ட்ரோனின் மின்கலம் சில பத்து நிமிடங்களே தாங்கும். அதை இயக்கும் வானொலி அலையை எதிரி குழப்பினால் குருடாகி விழும். உக்ரைன் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 10,000 ட்ரோன்களை இழக்கிறது என்று லண்டனிலுள்ள 'ரூசி' ஆய்வு நிறுவனம் 2023 மே மாதத்தில் மதிப்பிட்டது. இவ்வளவு விழுந்தும் அந்த ஆயுதம் தோற்கவில்லை. விழுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. விழுந்ததன் இடத்தில் மறுநாள் வேறொன்று எழுகிறது. 75,000 டொலர் நாய் விழுந்தால் படையணி துக்கம் கொண்டாடும். 500 டொலர் ட்ரோன் விழுந்தால் எவரும் திரும்பிப் பாரார்.

நாம் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்திலேதான். வானொலி அலை குழம்புவதற்கு மாற்று மருந்து இரண்டு கண்டிருக்கிறார்கள். ஒன்று, நூலைவிட மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன். அதை அலை கொண்டு குழப்ப முடியாது. மற்றையது, இறுதிக் கட்டத்தில் மனிதனின் கட்டளையை எதிர்பாராமல், இலக்கைத் தானே கண்டு தானே பாயுமாறு இயந்திரத்துக்குப் புத்தி புகட்டுவது. போர்முனையின் நெருக்கடி படைகளை நாள்தோறும் இந்த இரண்டாம் வழிக்குத் தள்ளுகிறது. இயந்திரத்திடம் தீர்ப்பை ஒப்படைக்க வேண்டும் என்று எவரும் மேடையேறிப் பிரகடனம் செய்யவில்லை. தொடர்பு அறுந்துபோகிறது, ஆகவே கடைசி அரை மைலை இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். அந்த அரை மைலுக்குள் ஒரு மனித உயிர் நிற்கிறது.

கெர்சன் நகரைப் பாருங்கள். ஆற்றின் மறுகரையிலிருந்து ரஷ்யப் படையினர் ஏவிய ட்ரோன்கள், வீதியில் நடந்தோரையும் வாகனத்தில் சென்றோரையும் நோயாளர் வண்டிகளையும் துரத்தித் தாக்கின. இவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று, ஐக்கிய நாடுகளின் உக்ரைன் தொடர்பான சுயாதீன சர்வதேச விசாரணை ஆணைக்குழு 2025 மே மாதத்தில் முடிவு கூறிற்று. அம்முடிவுக்குத் துணைநின்ற சான்றுகளுள் ட்ரோன்களின் கமராக்கள் பிடித்த படங்களும் அடங்கும். இயக்கியவன் திரையிலே ஆளைக் கண்டான்; கண்டபின் கொன்றான்; ஆதலால் அவன் குற்றவாளி. நாளைக்குக் கண்டதும் தெரிந்ததும் கொன்றதும் இயந்திரமே என்றால், கூண்டில் ஏற்றப்படுபவர் யார்? செய்தவனா, விற்றவனா, ஏவியவனா? ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவர். கொலை நடந்திருக்கும், கொலையாளி இருக்கமாட்டான்.

இஃது எங்கோ நடக்கும் கதை என்று எமது மக்கள் கருத மாட்டார்கள். வன்னியில் யுத்தம் நடந்த காலத்தில் வானில் இரைந்து வட்டமிட்ட ஆளில்லா வேவு விமானத்தை அவர்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். வண்டு பார்த்துக்கொண்டிருந்தது, எறிகணையும் கிபிர் விமானமும் அதன் பின்னே வந்தன. அன்று பார்க்கும் கண் ஒன்று, கொல்லும் கை வேறொன்று. இன்றைய சிறு ட்ரோனில் கண்ணும் கையும் ஒன்றாகிவிட்டன. நாளைக்குத் தீர்ப்பும் அதனுடன் சேரப் போகிறது.

ஆளைப் பாராமலே கொல்லும் ஆயுதத்தையும் நாம் முன்னரே அறிவோம். மிதிவெடி என்பது காலும் சிறகும் இல்லாத தானியங்கி இயந்திரமே. மிதித்தவன் படைவீரனா, மாடு சாய்க்கப் போன சிறுவனா என்று அது கேட்பதில்லை. யுத்தம் முடிந்த பின்னரும் வன்னி வயல்களில் அது காத்துக் கிடந்தது. அத்தகைய ஆயுதத்தையும் சட்டத்தால் விலக்கலாம் என்று 1997 ஒட்டாவா உடன்படிக்கை காட்டிற்று. இலங்கையும் 2017 இல் அதிற் சேர்ந்தது. 2025 இல் போலந்து, பின்லாந்து முதலிய ஐந்து ஐரோப்பிய நாடுகள் அதிலிருந்து விலக முடிவு செய்தமை, சட்டத்துக்கு எந்நேரமும் காவல் வேண்டும் என்பதை உணர்த்துகிறது; சட்டமே வேண்டாம் என்பதை அன்று.

தானியங்கிக் கொலைக் கருவிகள்பற்றி ஜெனீவாவில் 2014 முதல் பேசத் தொடங்கினார்கள். பத்தாண்டு பேசியும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை பிறக்கவில்லை. 2023 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இதுபற்றிய தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவளித்தன. 4 நாடுகளே எதிர்த்தன. 2026 க்குள் உடன்படிக்கை வேண்டும் என்று செயலாளர் நாயகம் குட்டெரஸும் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கமும் கேட்டிருந்தனர். உலகத்தின் விருப்பம் எது என்பதில் ஐயமில்லை. ஆயுதம் விற்போரின் விருப்பமே வேறு.

சட்டம் செய்வோர் ஒன்றை மறக்கக் கூடாது. நடந்து வரும் இரும்பு மனிதனை மனத்தில் வைத்துச் சட்டம் எழுதினால், அச்சட்டம் வருவதற்கு முன்னரே சிறு ட்ரோன் அதன் தலைக்குமேலாற் பறந்து போய்விடும். அந்த ட்ரோனின் மோட்டாரும் கமராவும் மின்கலமும் கடையில் விற்கும் பொருள்கள். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும் அவையே உறுப்பு. உறுப்பைத் தடைசெய்ய முடியாது. தடைசெய்தால் முதலிற் பாதிக்கப்படுபவன் கமக்காரனே. ஆகவே சட்டம் பொருளைவிட்டுச் செயலைப் பற்ற வேண்டும். மனிதரை இலக்காகத் தானே தெரிந்து தாக்கும் இயந்திரத்தை எந்தப் படையும் ஏவலாகாது. ஏவப்படும் ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் பெயரும் பதவியும் கொண்ட ஒரு மனிதன் பொறுப்பாளியாக நிற்க வேண்டும். அதன் கமரா கண்டவற்றின் பதிவு அழிக்கப்படாமல் விசாரணைக்குக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் இன்றைய அறிவுக்கு எட்டக்கூடியவை. பெருஞ் செலவும் இல்லாதவை.

கொலை மலிந்த காலத்தில் பொறுப்பும் மலிந்துவிடக் கூடாது. வருங்கால யுத்தத்தின் கருவி நடந்து வந்தாலென்ன, பறந்து வந்தாலென்ன, அதை ஏவிய கை மனிதக் கையே. அந்தக் கையை மறைத்துக்கொள்ள எந்த அரசுக்கும் இடம்கொடாதிருப்பதே, யுத்தத்தின் கொடுமையை அனுபவித்தறிந்த மக்கள் உலகத்திடம் கேட்கக்கூடிய நீதி. அதை நாம் உரத்த குரலிற் கேட்கிறோம்.