இறக்கை முளைக்கும் வரை

நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு உத்தியோகம் ஆகிவிட்டது என்றால் அக்கம்பக்கத்தார் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சம்பளம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன வேலை?" என்பது. முதல் கேள்விக்குப் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்கு விழிக்கிற தாய்மார்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், சகோதரிகளே! அவர்கள் பிள்ளைகள் விமானப் படையில் அதிகாரிகள். விமானம் ஓட்டுவதற்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. ஆனால் விமானத்தில் ஏற இன்னும் முறை வரவில்லை. அதுவரை ஒருவன் காகிதம் அடுக்குகிறான். ஒருவன் விழாவுக்கு நாற்காலி போடுகிறான். இன்னொருவன் சோளப்பொரி விற்கிறான். தாயார் என்னவென்று சொல்வாள், பாவம்!

இந்த விசித்திரம் எப்படி நேருகிறது என்று கேளுங்கள்.

கொலராடோ மாநிலத்தில், மலையடிவாரத்தில், அமெரிக்க விமானப் படையின் அகாடமி இருக்கிறது. 1954-ல் ஏற்படுத்தியது. நான்கு வருஷம் படித்து முடித்தவர்களுக்கு மே மாதக் கடைசியிலோ அதையொட்டியோ பட்டமளிப்பு. அன்றைக்குப் பார்க்க வேண்டும்! அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசுவார்கள். அதே கணத்தில் தலைக்கு மேல் ஆறு ஜெட் விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும். விழுந்த தொப்பிகளைப் பொறுக்கிக்கொள்ளக் குழந்தைகளை மைதானத்துக்குள் விடுவார்கள். பையனுடைய தோளில் பொன் நிறத்தில் ஒற்றைப் பட்டை ஏறிவிடும். அவன் இனி செகண்டு லெப்டினென்ட். அந்தப் பட்டையைப் பார்த்து மூத்த சிப்பாய்கள் ரகசியமாக "வெண்ணெய்க் கட்டி" என்று சிரிப்பார்களாம். இரண்டு வருஷம் கழித்து ஒரு படி உயர்ந்தால் பொன் பட்டை போய் வெள்ளிப் பட்டை வரும். ஆமாம், அந்த ஊர்ப் படையில் தங்கத்தைவிட வெள்ளிக்குத்தான் மதிப்பு அதிகம். நம் வீட்டு மாமியார்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

பையன்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது. 1976-லிருந்து பெண்களுக்கும் அந்த அகாடமியின் கதவு திறந்திருக்கிறது. அந்த வருஷமே 10 பெண்கள் விமானிப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டு, 1977-ல் இறக்கைச் சின்னம் பெற்றார்கள். ஆகவே நான் "பையன்" என்று எழுதுகிற இடத்திலெல்லாம் பெண்ணையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

அகாடமியிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே நாளில் வெளியே வருகிறார்கள். இவர்களில் பலர் விமானி ஆக வேண்டியவர்கள். இதே சமயத்தில்தான் நாடெங்கும் உள்ள சர்வகலாசாலைகளிலும், நம் என்.ஸி.ஸி. மாதிரி, ஆனால் படிப்பு முடிந்ததும் அதிகாரிப் பதவியே தந்துவிடுகிற ஓர் அமைப்பிலிருந்து, இன்னும் பலர் வருகிறார்கள். பயிற்சி கொடுக்கும் தளங்களோ சிலவே. மிஸிஸிப்பியில் கொலம்பஸ், ஓக்லஹாமாவில் வான்ஸ், டெக்ஸாஸில் லாஃப்லின், ஷெப்பர்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே வகுப்புகள் வருஷம் முழுவதும் சில வாரங்களுக்கு ஒன்றாக ஆரம்பமாகும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர். பயிற்சி முடிய ஏறத்தாழ ஒரு வருஷம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒருமிக்க எழுந்து வருகிறார்கள். கூடத்திலோ ஐம்பது இலைதான் போடலாம். மற்றவர்கள் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? அதிலும் பரிமாறுகிறவர் நடுவில் போய்விட்டால்? அங்கே அதுதான் நடக்கிறது. கற்றுக்கொடுக்கும் விமானிகளைத் தனியார் விமானக் கம்பெனிகள் நல்ல சம்பளம் காட்டி இழுத்துக்கொள்கின்றன. பழகுகிற விமானமும் கிழம். டி-38 என்ற பயிற்சி ஜெட் 1961-ல் படைக்கு வந்தது. 1972-ல் கடைசி விமானத்தைச் செய்து முடித்தார்கள். பாட்டனார் பழகிய ரகத்திலேயே பேரனும் பழகுகிறான்! என்ஜின் பழுது பார்த்து வரத் தாமதமானால் வகுப்பு நின்றுவிடுகிறது. இதற்குப் பதிலாகப் புது விமானத்துக்கு 2018-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2024 வாக்கில் வந்துவிடும் என்று நினைத்தார்கள். அதுவும் சில வருஷங்கள் தள்ளிப் போயிற்று. வாசலில் நிற்கிறவர்கள் எண்ணிக்கை கூடாமல் என்ன செய்யும்?

இப்படி நிற்கிறவர்களுக்கு அங்கே "கேஷுவல் லெப்டினென்ட்" என்று பெயர். நமக்குக் கேஷுவல் லீவு தெரியும். கேஷுவல் உத்தியோகஸ்தர் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கப்பற்படையில் இன்னும் வேடிக்கை. அங்கே இதற்கு வழங்குகிற பெயர் "ஸ்டாஷ்". பத்திரமாக ஒளித்து வைப்பது என்று பொருள். நாம் பருப்பு டப்பாவுக்குள் பத்து ரூபாய் நோட்டை மடித்து வைக்கிறோமே, அந்த மாதிரி அரசாங்கம் இளம் அதிகாரிகளை அங்கங்கே செருகி வைக்கிறது. மேரிலாந்து மாநிலத்து அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் தேறியவர்களில் சிலர், ஃப்ளாரிடாவில் பென்ஸகோலாவுக்குப் போய் விமானம் பழகும் முறை வரும் வரையில், படித்த அகாடமியிலேயே தங்கி விளையாட்டுக் குழுவைப் பழக்குவார்கள். அலுவலகத்தில் ஒத்தாசை செய்வார்கள்.

விமானப் படையில் கிடைக்கிற தற்காலிக வேலைகள் பல தினுசு. சிலருக்கு நல்ல யோகம். மேற்படிப்புக்குப் போகிறார்கள், காத்திருக்கும் காலத்திலேயே ஒரு பட்டம் கைக்கு வந்துவிடுகிறது. சிலரைப் படித்த சர்வகலாசாலைக்கே திருப்பி அனுப்பி, "உன் தம்பி தங்கைகளிடம் விமானப் படையைப் பற்றிச் சொல்லி ஆள் சேர்த்துக்கொண்டு வா" என்கிறார்கள். தோளிலிருக்கும் அந்தப் பொன் பட்டையை வைத்தே இவர்களுக்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு. மற்றவர்கள் பயிற்சித் தளத்திலேயே ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்காருகிறார்கள். யார் எந்த விமானத்தில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற அட்டவணையை எழுதுவது, வருகிற பிரமுகர்களைச் சுற்றிக் காட்டுவது, வண்டி ஓட்டுவது, கொடியேற்றத்துக்கு ஏற்பாடு செய்வது, இப்படி.

இதில் சிற்றுண்டிக் கதை தனி. அந்தப் படையில் ஒவ்வொரு விமானப் பிரிவிலும் ஒரு சிறிய தின்பண்டக் கடை உண்டு. அதற்குப் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பிரிவிலேயே இளையவனான லெப்டினென்ட். "ஸ்நாக்கோ" என்பது அவன் பட்டம். காப்பி தீரக் கூடாது, பொரி நமுத்துப் போகக் கூடாது, கணக்கு உதைக்கக் கூடாது. இரண்டு நாள் அலட்சியமாக இருந்தால் பெரிய பெரிய விமானிகளெல்லாம் சேர்ந்து ஆளைப் பிய்த்து விடுவார்களாம். நான்கு வருஷம் என்ஜினியரிங் படித்த பிள்ளைக்கு இதுவா வேலை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒன்று பாருங்கள். அந்தக் கடை வாசலில் நிற்கிறவனுக்குத்தான் யார் பொறுமைசாலி, யார் முன்கோபி, நேற்று யார் சரியாக இறங்கவில்லை, ஏன் இறங்கவில்லை என்பதெல்லாம் காதில் விழுகிறது. புதிதாக வாழ்க்கைப்பட்டுப் போன பெண் முதல் மாசம் அடுப்படியில் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டே அந்த வீட்டை முழுக்கத் தெரிந்துகொள்கிறாளே, அந்த மாதிரிதான்.

ஆகவே சில்லறை வேலை கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். பொழுது போகாமல் ஓர் அறையில் உட்கார்த்தி வைத்து, "நாளைக்கு வா" என்று அனுப்புகிறார்களே, அதுதான் பிள்ளையைக் கெடுக்கிறது. எந்தத் தேதியில் வகுப்பு என்று சொல்லிவிட்டால் ஒரு வருஷம்கூடப் பறந்துவிடும். தேதி தெரியாத மூன்று மாசம் நகராது. குழந்தைப் பேற்றுக்குக் காத்திருந்தவர்களுக்கும், வெளியூர்க் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்தக் காத்திருப்புக்கு விலை கொடுப்பது யார்? சம்பளத்தில் குறையில்லை. 2025-ம் வருஷக் கணக்குப்படி புது லெப்டினென்டுக்கு அடிப்படைச் சம்பளமே மாதம் ஏறத்தாழ 4,000 டாலர். ஆனால் அகாடமியில் படிக்கிற வரையில் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது சட்டம். அதனால் பட்டம் வாங்கிய கையோடு மாலை மாற்றிக்கொள்கிறவர்கள் அநேகம். அன்னாபொலிஸ் அகாடமியின் தேவாலயத்தில் பட்டமளிப்பு முடிந்த நாட்களில் ஒரு கல்யாணம் வெளியே வர, அடுத்த கல்யாணம் உள்ளே போகும்! அப்படி வந்த புது மணப்பெண்ணின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். புருஷன் இந்த ஊரில் நான்கு மாசம் இருப்பானா, பத்து மாசம் இருப்பானா தெரியாது. வீட்டுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் போடுவதா, வேண்டாமா? அவள் ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்தால் எந்த மாநிலத்தில் வேலை தேடுவாள்? குறுகிய கால உத்தரவில் புருஷனை அனுப்பினால் குடும்பத்தை அழைத்துப் போகச் சர்க்கார் செலவு தராது. பெட்டியைப் பிரிக்காமலேயே முதல் வருஷக் குடித்தனம் நடந்துவிடும்.

தேக ஆரோக்கியம் இன்னொரு கவலை. விமானிக்கு வேண்டிய கண்பார்வை, இருதயம், முதுகெலும்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே பரீட்சை செய்து தேறியிருப்பான். வகுப்பு தொடங்கும் வரை அது அப்படியே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கையில் காசு, மாலையில் வேலை இல்லை. மோட்டார் சைக்கிளும் பனிச்சறுக்கும் சும்மா இருக்குமா? ஒரு முழங்கால் முறிந்தால் வரிசையில் அவன் இடம் போகலாம். சில சமயம் விமானமே போய்விடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. சர்க்கார் இவ்வளவு செலவழித்து விமானியாக்கினால் சும்மா விடுமா? இத்தனை வருஷம் படையில் இருந்தே தீரவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. அமெரிக்க விமானப் படையில் விமானிக்கு அது 10 வருஷம். எந்த நாளிலிருந்து என்பதில்தான் சூட்சுமம். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பயிற்சி முடிந்து இறக்கைச் சின்னம் குத்திய நாளிலிருந்து. பொரி விற்ற வருஷம் பதவி உயர்வுக்குச் சேரும், பின்னால் ஓய்வூதியக் கணக்குக்கும் சேரும். அந்தப் பத்தில் மட்டும் கழியாது. இருபத்திரண்டில் வந்தவன் உடனே பழகினால் முப்பத்துமூன்றில் விடுதலை. வாசலில் இரண்டு வருஷம் நின்றால் முப்பத்தைந்து. அந்த இரண்டு வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது? வேலை தேடாமல் பெட்டியோடு பின்னால் போன மனைவியின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பேன்.

இது இன்று நேற்று வந்த கோளாறும் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில், 1943-ல், விமானப் பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர்கள் அளவுக்கு மீறிப் போகவே, நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் அவர்களைப் பாடம் படிக்க வைத்து இடம் காலியாகும் வரை நிறுத்தினார்கள். அவர்கள் அப்போது அதிகாரிகள் ஆகவில்லை. காத்திருந்தது மட்டும் ஒன்றே. 1990-களின் தொடக்கத்தில் நேர்மாறு. சோவியத் பயம் தீர்ந்து படையைச் சுருக்கியபோது, பயிற்சி முடித்து இறக்கை வாங்கிய விமானிகளுக்கே ஓட்ட விமானம் இல்லை. அவர்களைச் சில வருஷங்கள் தரைவேலையில் போட்டு வைத்தார்கள். "வங்கியில் போட்ட விமானிகள்" என்று அவர்களுக்குப் பெயர்! வட்டி கிடைத்ததா என்று யாரும் சொல்லக் காணோம்.

பிரிட்டனில் கதை இன்னும் கசப்பு. அங்கே 2019-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. ஒரு போர் விமானியை உருவாக்க நான்கு வருஷத்துக்கும் குறைவாக ஆக வேண்டியது, நடைமுறையில் சராசரி ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லிவிட்டது. இடைவெளியில் பெரும் பகுதி வெறும் காத்திருப்பு. அதற்கும் முன்பே, 2011-ல், செலவைக் குறைக்கிறோம் என்று பயிற்சியிலிருந்த விமானிகளில் பலரை விமானி ஆக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்றவனுக்கு இலை இல்லை என்றால் பசி மட்டும்தான். பாதி சாப்பாட்டில் எழுப்பினால் என்ன சொல்வது?

அமெரிக்க விமானப் படையில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் கிடைக்கிற முதல் இறக்கைச் சின்னத்தைப் புது விமானி அணிந்துகொள்வதில்லை, இரண்டாக ஒடித்துவிடுகிறான். ஒரு பாதி அவனிடம் இருக்கும். மறு பாதியைத் தாய்க்கோ மனைவிக்கோ தனக்கு வேண்டிய ஒருவருக்கோ கொடுத்துவிடுவான். அவன் உயிரோடு இருக்கும் வரை அந்த இரண்டு பாதியும் ஒன்று சேரக் கூடாது என்பது நம்பிக்கை. ஒடித்த பாதியை அவள் கைக்குட்டையில் முடிந்துகொள்கிற அந்த நாளில்தான் சர்க்காரின் பத்து வருஷக் கணக்கும் தொடங்குகிறது.