இழுக்கத் தெரிந்த வண்டிக்கு இறங்கத் தெரிய வேண்டாமா?

பி.காம் படிக்கிறவனுக்கு டீசல் பிக்கப் வண்டியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு ஊர் நாமக்கல். எங்கள் ஊரில் குழந்தை "அம்மா" சொல்வதற்கு முன் "டயர்" சொல்லும் என்று கல்லூரியில் கிண்டல் செய்வார்கள் :-) அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அமெரிக்காவில் கொலராடோ பக்கம் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன். அண்ணன் அங்கே பழைய டாட்ஜ் ராம் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். 1997 மாடல், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், மேனுவல் கியர். பின்னால் ஒரு கேம்பர் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு ராக்கி மலைகளைச் சுற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. வண்டிக்குச் செலவழிக்க ஆயிரத்துச் சொச்சம் டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பணத்தில் டீசல் பம்ப்பைத் திருத்தி எஞ்சின் பவரைக் கூட்டுவதா, எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டுவதா? இதுதான் கேள்வி. வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் பிரேக் கட்சி. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உள்ளே போகும் காற்றை ஒரு தகடு அடைத்துவிடும். எஞ்சின் மூச்சுக்குத் திணறும், அந்தத் திணறல் வண்டியைப் பிடித்து நிறுத்தும். பழைய டீசலில் அந்தத் தகடு கிடையாது. காலை எடுத்தால் டீசல் மட்டும்தான் நிற்கும். காற்று தாராளமாக உள்ளே போகும், அழுந்தும், அழுந்தியது ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். போட்டது கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. ஏற்றத்தில் யானை மாதிரி இழுக்கும் அதே எஞ்சின் இறக்கத்தில் "நீயே பார்த்துக்கொள்" என்று கையை விரிக்கும்.

எக்ஸாஸ்ட் பிரேக் செய்வது மிக எளிமையான வேலை. டர்போவைத் தாண்டி புகைக்குழாயில் ஒரு வால்வு. சுவிட்சைப் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த வால்வு மூடிக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத காற்றை எதிர்த்து ஒவ்வொரு பிஸ்டனும் தள்ள வேண்டியிருக்கும். தள்ளுவதற்கான தெம்பு சக்கரத்திலிருந்து வருகிறது, அதனால் சக்கரம் மெதுவாகிறது. எங்கள் ஊர் லாரி டிரைவர்களுக்கு இது புதிதே இல்லை. எங்கள் வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாத லாரியை மலைப்பாதைக்கு எடுத்துப் போகவே மாட்டார். "ஏறின கியர்லயே இறங்கணும் தம்பி, பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது" என்பார். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கும் கொல்லிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறவர் பேச்சை நான் நம்புகிறேன்.

இப்போது கொஞ்சம் கணக்கு. (கணக்கு இல்லாமல் காமர்ஸ் மாணவன் பதிவா?) டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. சுரங்கத்தைத் தாண்டியதும் சில்வர்தோர்ன் ஊர் வரை சுமார் 13 கிலோமீட்டரில் 2,100 அடி, அதாவது 640 மீட்டர் இறக்கம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 7 டன் என்று வைத்துக்கொள்வோம். 7 டன் எடை 640 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சக்தி, கரண்ட் பில் பாஷையில் சொன்னால், 12 யூனிட். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்த 12 யூனிட்டைப் பத்தே நிமிடத்தில் எங்காவது கொட்டியாக வேண்டும். காற்றும் டயரும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை என் போக்கில் இப்படிக் கற்பனை செய்தேன்: 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 40 எடுத்து, எல்லாவற்றையும் முழுச் சூட்டில் வைத்து, சக்கரங்களின் பிரேக் மேல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்திருப்பது.

பிரேக் ஷூவும் பேடும் ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். அந்தச் சாலையில் ஓரமாகச் சரளைக்கல் கொட்டி மேல்நோக்கி ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். பிரேக் போன லாரி அதில் ஏறி மணலில் புதைந்து நிற்கட்டும் என்று. காசு செலவழித்து அரசாங்கம் அப்படி ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறது என்றால் தேவை எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 25 அன்று அதே ஐ-70இல், மலையிலிருந்து டென்வர் பக்கம் இறங்கும் இடத்தில், மரம் ஏற்றிய பெரிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்த வண்டிகள் மேல் போய் மோதியது. 28 வண்டிகள், நான்கு உயிர்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர். வழியில் இருந்த சரளைப் பாதையில் ஏன் ஏறவில்லை என்று கேட்டது அரசுத் தரப்பு. முதலில் 110 வருடம் சிறை என்று தீர்ப்பு வந்து, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2021 டிசம்பரில் ஆளுநர் அதைப் 10 வருடமாகக் குறைத்தார். அது பெரிய லாரி, அண்ணன் வண்டி சின்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய லாரி ஓட்ட அங்கே தனி லைசென்ஸ், தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. கேம்பர் இழுக்கும் பிக்கப் ஓட்டுகிறவர் வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருந்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலை ஏறுகிறவர்.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தெரிவது ஒரு பழைய கதை. கம்மின்ஸ் கம்பெனியை ஆரம்பித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931இல் தன் டீசல் எஞ்சின் பொருத்திய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போனார். டீசல் எவ்வளவு சிக்கனம் என்று உலகத்துக்குக் காட்டத்தான் அந்தப் பயணம். கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் போய்விட்டது. கீழே ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்து போனதும் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது, மயிரிழையில் தப்பினார்கள். மனுஷர் அதை மறக்கவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து, எஞ்சினையே பிரேக்காக மாற்றும் கருவியைக் கண்டுபிடித்தார். 1961இல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. "ஜேக் பிரேக்" என்று இன்றும் அமெரிக்க லாரிக்காரர்கள் சொல்வது அதைத்தான். (அது வேறு முறை, வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியே விடுவது. மெஷின் கன் மாதிரி சத்தம் போடும். எக்ஸாஸ்ட் பிரேக் சாது.)

இப்படிப்பட்டவர் பெயர் தாங்கிய எஞ்சின் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்தது 1989 மாடலில். அந்த எஞ்சினோடு சேர்ந்தே பிறந்த எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது 2007இல், 6.7 லிட்டர் எஞ்சினின் புது மாதிரி டர்போவில். நடுவில் பதினெட்டு வருடம்! அதுவரை வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஜெனரல் மோட்டார்ஸின் டுராமேக்ஸ் டீசலுக்கு அது 2011 மாடலில்தான் வந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? என் தாழ்மையான கருத்து, விளம்பரத்தில் போட இறக்கத்துக்கு ஒரு நம்பர் இல்லை. குதிரைசக்தி எவ்வளவு, டார்க் எவ்வளவு, எத்தனை பவுண்டு இழுக்கும், இதெல்லாம் பெரிய எழுத்தில் வரும். இழுவைத் திறனை அளக்க அமெரிக்காவில் இருக்கும் பொதுத் தரத்தில் பேர்போன சோதனை எது தெரியுமா? அரிஸோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம். வெயிலில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, குறைந்தது மணிக்கு 40 மைல் வேகம் விடாமல் ஏற வேண்டும். நல்ல சோதனைதான். அதே ரோட்டில் திரும்பி இறங்க எவ்வளவு தாங்கும் என்று எந்த விளம்பரத்திலாவது பெரிய எழுத்தில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வாங்குகிறவன் கேட்காததை விற்கிறவன் ஏன் சொல்லப்போகிறான்.

கணக்குப்பதிவியலில் முன்னெச்சரிக்கை மரபு என்று ஒன்று படிக்கிறோம். வரப்போகிற லாபத்தை வந்த பிறகு எழுது, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. வாராக்கடன் ஒதுக்கு எல்லாம் அப்படி வந்ததுதான். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு, வண்டி என்று வந்தால் நேர் எதிராகச் செய்கிறோம். பவர் கூட்டினால் அன்றைக்கே ஓட்டிப் பார்த்து சந்தோஷப்படலாம், நண்பர்களுக்குக் காட்டலாம். பிரேக்கின் பலன் ஒன்றும் நடக்காமல் இருப்பது. நடக்காத விபத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது?

எதிர்க்கட்சி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. "கம்பெனி போடாததை நாம் ஏன் போட வேண்டும், எஞ்சின் கெட்டுவிடும்" என்கிறார் பெரியப்பா. கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் கெடத்தான் செய்யும். அண்ணன் வைத்திருக்கும் 12 வால்வு எஞ்சினில் இதுதான் முக்கியமான இடம். புகைக்குழாயை அடைத்ததும் உண்டாகும் அழுத்தம், மூடியிருக்கும் மற்ற சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பின்பக்கத்திலிருந்து தள்ளும். கம்பெனி ஸ்பிரிங்குக்கு அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் பலமில்லை. வால்வு நினைத்த நேரத்தில் திறந்து பிஸ்டனைத் தட்டினால் மொத்த எஞ்சினுக்கும் செலவு. அதனால் 60 பவுண்டு ஸ்பிரிங் என்று சொல்லப்படும் கெட்டியான செட்டை முதலில் மாற்றிவிட்டு, பிறகுதான் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும் பிரேக்கை மாட்டுவார்கள். நல்ல வேளையாக ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிஸ்டனை உச்சியில் நிறுத்திக்கொண்டால் ஸ்பிரிங்கை எடுக்கும்போது வால்வு உள்ளே விழாமல் பிஸ்டன் மேல் உட்கார்ந்துகொள்ளும். பொறுமை உள்ள மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை.

மற்ற வேலை சுலபம். டர்போவின் வாயில் வால்வுள்ள பாகத்தைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு, புகை கசியாமல் பார்க்க வேண்டும். வால்வை இழுக்க வேக்குவமோ காற்றழுத்தமோ வேண்டும், அதற்கு பம்ப்போ கம்ப்ரஸரோ. கியர் ராடில் ஒரு சுவிட்ச். ஆக்சிலரேட்டரிலும் கிளட்சிலும் சின்ன சுவிட்சுகள், காலை வைத்ததும் பிரேக் விட்டுவிடுவதற்காக. கிளட்ச் சுவிட்சை மறந்தால் கியர் மாற்றும்போது எஞ்சின் அணைந்து, ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் இன்னும் தலைவலி. டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொண்டால்தான் எஞ்சினின் பிடி சக்கரத்துக்குப் போகும், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு கியர் ஆயிலைத்தான் சுடவைக்கும். அதற்குத் தனி ஏற்பாடு, தனிச் செலவு.

மாட்டிவிட்டால் மற்ற பிரேக்கெல்லாம் வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. டிரெய்லருக்கு அதன் எலக்ட்ரிக் பிரேக் கட்டாயம் சரியாக இருக்க வேண்டும். பனி உறைந்த ரோட்டில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் இது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், வழுக்கினால் டிரெய்லர் பக்கவாட்டில் வந்து முட்டும். பெடலை மிதிக்காமலே வேகம் குறைவதால் பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு விளக்கும் தெரியாது, அடிக்கடி லேசாக மிதித்துக் காட்டுவது மரியாதை. எல்லாவற்றுக்கும் மேல், இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே சின்ன கியருக்கு வந்திருக்க வேண்டும். எஞ்சின் சுற்று குறைவாக இருந்தால் இந்தப் பிரேக்குக்கு உயிரே கிடையாது. டிரைவர் அண்ணன் சொன்ன "ஏறின கியர்" கதை கொலராடோவிலும் அதேதான்.

ஆக ஆயிரத்துச் சொச்சம் டாலரில் ஸ்பிரிங், பிரேக், கூலி மூன்றும் அடங்காமல் போகலாம். அப்போது என் யோசனை, இந்த வருடம் மலைக்குப் போகும்போது டிரெய்லரை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வருடம் முழுசாகச் செய்வது. பாதி வேலை செய்த எக்ஸாஸ்ட் பிரேக்கை விட, இல்லாத எக்ஸாஸ்ட் பிரேக் எஞ்சினுக்கு நல்லது.

இன்னொன்று, இதைப் படிக்கும் அமெரிக்கவாழ் நண்பர்களுக்கு. பழைய ராம் வாங்கப் போகும் இடத்தில், முந்தைய சொந்தக்காரர் எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டியே வைத்திருக்கிறார் என்று விற்பவர் கூடுதல் விலை சொல்லலாம். சந்தோஷப்பட்டு உடனே கை கொடுத்துவிடாதீர்கள். பிரேக் வாங்கிய பில்லைப் பெருமையாகக் காட்டுவார். வால்வு ஸ்பிரிங் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.