ஊசித்தட்டானின் முகம் மட்டும் போதுமா?

ஊசித்தட்டான்களின் அண்மைப் படங்கள் இன்று சமூக ஊடகங்களில் ஏராளமாகப் பகிரப்படுகின்றன. பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தவை: நம்மை நேராக நோக்கும் இரு கண்கள், பின்னணியில் கரைந்துபோன பச்சை. அழகில் குறையில்லை. எனினும் இனங்காண முயலும் மாணவருக்கு இத்தகைய படம் பெரிதும் உதவுவதில்லை.

காரணம் ஒளியியல் சார்ந்தது. ஃபுல் ஃபிரேம் கேமராவில், மேக்ரோ லென்ஸின் 1:1 உருப்பெருக்கத்தில், எஃப்/11 துளையளவிலும் கூர்மையாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. முகத்தில் குவியம் வைத்தால் மார்பும் வயிறும் மங்கிவிடும். இனத்தை உணர்த்தும் அடையாளங்கள் பலவும் அங்கேதான் உள்ளன: மார்பின் பக்கவாட்டுக் கோடுகள், முன்மார்பின் வடிவம், வயிற்றின் இறுதிக் கண்டங்களின் நிறம், ஆணின் வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்புகள். அக்ரியோக்னெமிஸ் பேரினத்தின் மிகச் சிறிய ஊசித்தட்டான்களை அப்பற்றுறுப்புகளைக் காணாமல் உறுதியாகப் பிரித்தறிவது கடினம். பூச்சியின் உடலுக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால், அந்தக் குறுகிய ஆழத்திலும் உடலின் நீளம் முழுவதும் பெருமளவு தெளிவாகப் பதியும்.

ஃபிரேசர் 1933 முதல் 1936 வரை வெளியிட்ட, இந்தியத் தட்டான்களைப் பற்றிய மூன்று தொகுதிகள் சேகரித்துப் பாடம்செய்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டவை. இன்றோ ‘ஒடனேட்டா ஆஃப் இந்தியா’, ‘ஐநேச்சுரலிஸ்ட்’ போன்ற தளங்களில், பூச்சியைக் கொல்லாமல் எடுத்த படமே ஓர் இனத்தின் இருப்புக்குச் சான்றாகிறது. இது பெரும் பேறு. ஆனால் நாளும் இடமும் குறிக்கப்படாத, நுனி மங்கிய படம் சான்றாகாது.

‘கலைக்கு ஆய்வின் அளவுகோல் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே; முகப்படத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அதனுடன் பக்கவாட்டில் ஒரு படமும், நுனியை நெருங்கி ஒரு படமும் எடுத்தால் போதும்.

ஆனால் ஒரு வழக்கத்தை ஏற்க இயலாது. பின்னணி தூய்மையாக அமைய வேண்டுமென்று ஓடைக்கரைக் கோரையையும் நீர்ச்செடிகளையும் ஒடித்து அகற்றுகிறோம். ஊசித்தட்டான்கள் செடியின் திசுக்களுக்குள்ளேயே முட்டையிடுபவை. நாம் அகற்றும் தண்டில் அடுத்த தலைமுறை இருக்கக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சில ஓடைகளோடு வாழ்விடம் முடிந்துவிடும் இனங்களுக்கு இவ்விழப்பு சிறிதன்று. மேலும், பூச்சி எந்தச் செடியில், எத்தகைய நீரோரம் அமர்ந்திருந்தது என்பதும் ஆய்வுக்குரிய தகவலே. அதையும் பின்னணியோடு சேர்த்து அழித்துவிடுகிறோம்.

துறைகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் ஒளிப்படப் போட்டிகள், படத்தோடு நாள், இடம், வாழிடக் குறிப்பு ஆகியவற்றையும் கேட்டுப் பெறட்டும். பூச்சியைக் குளிரூட்டி அசைவிழக்கச் செய்து எடுத்த படங்களை ஏற்பதில்லை என விதியிலேயே எழுதட்டும். ஆசிரியர்கள் இதை வலியுறுத்தினால் மாணவர்கள் பின்பற்றுவார்கள்.