டெல்லிக் கடுங்குளிர்: தீ மூட்டத் தடை சரி, மாற்று வழி யாருக்கு?

புதுடெல்லி,

தலைநகரின் மையத்தில், 1921-ம் ஆண்டில் உருவான கோல் மார்க்கெட்டைச் சுற்றி அரசு ஊழியர் குடியிருப்புகளும் கடைகளும் பெரிய மருத்துவமனைகளும் அருகருகே அமைந்துள்ளன. ஜனவரி இரவுகளில் வீடுகளுக்குள் ரஜாயும் ஹீட்டரும் குளிரைத் தணிக்கின்றன. வெளியே இரவைக் கழிக்கும் காவலாளிக்கும் ரிக்‌ஷா தொழிலாளிக்கும் நடைபாதைவாசிக்கும், சுள்ளியும் அட்டையும் கொளுத்தி மூட்டும் தீயே துணை. அந்தத் தீயைத்தான் காற்று மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் தடை செய்கின்றன.

தடைக்குக் காரணம் உண்டு. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் நிற்கிறது. புகை மேலெழ வழியின்றித் தாழ்வாகவே தேங்குகிறது. தீ மூட்டும் கட்டாயத்தை உண்டாக்கும் அதே குளிர், அதன் புகையையும் சிறைப்படுத்துகிறது. அறையைப் பூட்டிக்கொண்டு கரியடுப்பு எரிப்பதோ இன்னும் ஆபத்தானது. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

மாற்று ஏற்பாடாக, காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் மின் ஹீட்டர் வழங்குமாறு குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. சங்கத்தின் வாயிற்காவலருக்கு இது பயன்படும். மின் இணைப்பே இல்லாத நடைபாதையில் இருப்பவருக்கு இது எட்டாது.

அவர்களுக்கான வழி இரவுத் தங்குமிடம்தான். வீடற்றோருக்குத் தங்குமிடங்கள் அமைக்குமாறு 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் டெல்லி அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் உருவான டெல்லி நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம், நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்காலச் செயல்திட்டத்தை நடத்துகிறது. தற்காலிகக் கூடாரங்கள் அமைக்கப்படுகின்றன. மீட்புக் குழுக்கள் இரவில் சாலையோரம் உறங்குவோரைத் தங்குமிடங்களுக்கு அழைத்துச் செல்கின்றன.

ஆயினும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெல்லியில் வீடற்றோர் 46 ஆயிரத்துக்கும் அதிகம். இடம் இருந்தாலும் எல்லோரும் அங்கே செல்ல முடிவதில்லை. ரிக்‌ஷாவை விட்டுச் சென்றால் திருட்டுப் போகும் என்ற அச்சம் தொழிலாளிக்கு. சிகிச்சை பெறும் உறவினரை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாத நிலை நோயாளியின் உடனிருப்பவருக்கு. பாதுகாப்பைப் பற்றிய கவலை பெண்களுக்கு.

எனவே படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு குளிர்கால ஏற்பாடுகளை மதிப்பிட இயலாது. மருத்துவமனை வாயில்களுக்கும் சந்தைகளுக்கும் அருகிலேயே தங்குமிடம், வண்டியையும் உடைமைகளையும் வைக்கப் பாதுகாப்பான இடம், குடும்பங்களுக்குத் தனிப் பகுதி ஆகியவை அமைந்தால்தான் தடை நியாயமானதாகும். தீயை அணைக்கச் சொல்லும் நிர்வாகம், அதைச் சுற்றி அமர்ந்திருப்பவர் அந்த இரவை எங்கே கழிப்பார் என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளது.