4 இரவுக் கதையும், 72 ஆண்டுக் கதையும்!

இங்கிலாந்தில் ஒரு டெலிவிஷன் நாடகம் 4 இரவில் முடிந்தது. அந்த 4 இரவு, ஒரு புதிய சட்டத்துக்கே வழி செய்தது.

அமெரிக்காவில் ஒரு நாடகம் 72 ஆண்டு ஓடியது. பாட்டி கேட்ட கதையை மகள் பார்த்தாள். மகள் பார்த்த கதையைப் பேத்தியும் பார்த்தாள்.

இரண்டு நாட்டாரும் பேசுவது ஒரே ஆங்கிலம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

நாடகத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று பார்த்தால், விடை கிடைத்துவிடும்.

ஊர் வரியும், முன்பணமும்

இதைத் தெரிந்துகொள்ள லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டாம். பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினால் போதும்.

சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அங்கே கலங்கரை விளக்கத்தை ஒட்டி இருக்கிறது ஒரு மீனவர் ஊர். பெயரே லைட்ஹவுஸ் குப்பம்!

இதுபோன்ற கடலோர ஊர்களில், திருவிழா என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவது வழக்கம். அந்தப் பணத்தில் தெருக்கூத்து நடக்கும். இரவில் தொடங்கும் கூத்து, விடியும்போது முடிந்துவிடும். பணம் கொடுத்தது ஊர். ஆகவே, கூத்துக்காரர் ஊருக்குத்தான் பதில் சொல்லவேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. படகும் வலையும் வாங்க, வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கியவர், பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே போடவேண்டும். விலையையும் அவரே சொல்வார். அலையில் போராடுவது மீனவர். கணக்கு எழுதுவது வியாபாரி!

இங்கிலாந்து நாடகத்தில் ஊர் வரியின் பழக்கம் அதிகம். அமெரிக்க நாடகத்தில் முன்பணத்தின் பழக்கம் அதிகம்.

வீட்டுக்கு வீடு லைசென்சு

இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம், 1936-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி டெலிவிஷன் ஒளிபரப்பை ஒழுங்காகத் தொடங்கியது.

அங்கே டெலிவிஷன் பார்க்கும் ஒவ்வொரு வீடும் லைசென்சுப் பணம் கட்டவேண்டும். 2025 ஏப்ரல் மாதம் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 174 பவுண்டு 50 பென்சாக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய்!

இந்தப் பணம்தான் பி.பி.சி.க்கு மூச்சு. அங்கே நாடகத்தின் நடுவே சோப்பு விளம்பரம் வராது. ஆகவே, விளம்பரத்துக்காகக் கதையை இழுக்கவேண்டிய அவசியம் இல்லை. ஓர் எழுத்தாளரே முழுக் கதையையும் எழுதுவார். 4 பாகம், 6 பாகம், 8 பாகம். கதை முடிந்தால் நாடகமும் முடிந்தது.

1955-ல் ஐ.டி.வி. வந்தது. இது விளம்பரத்தில் நடப்பது. ஆனால் அதற்கும் சில பொதுக் கடமைகளை அரசாங்கம் விதித்தது. அதனால் அங்கேயும் குட்டி நாடகங்கள் பிழைத்துக்கொண்டன.

சட்டம் கொண்டுவந்த நாடகம்

அந்த ஐ.டி.வி.தான் 2024 ஜனவரி 1-ந்தேதி முதல் 4 இரவுகள், 'மிஸ்டர் பேட்ஸ் எதிர் போஸ்ட் ஆபீஸ்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது.

இது நடந்த கதை.

இங்கிலாந்தில் சிறு தபால் நிலையங்களை நடத்தியவர்களுக்கு, 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கைக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட்டது. பணம் குறைகிறது என்று காட்டியது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். பலர் வீடு வாசலை இழந்தார்கள். ஊரில் தலை காட்ட முடியாமல் வாழ்ந்தார்கள்.

ஆலன் பேட்ஸ் என்பவர் இவர்களைத் திரட்டி 20 ஆண்டு போராடினார். பத்திரிகைகள் எழுதின. 2019-ல் கோர்ட்டிலும் வெற்றி கிடைத்தது. ஆனாலும் பலர் மேல் விழுந்த குற்றக் கறை போகவில்லை.

நாடகம் வந்தது. நாடு கொதித்தது! சில நாட்களிலேயே, சட்டம் கொண்டுவருவதாகப் பிரதம மந்திரி அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம் பார்லிமெண்டு சட்டம் செய்தது. பொய்க் கணக்கால் வந்த தீர்ப்புகள் மொத்தமாக ரத்து ஆயின.

இந்த நாடகம் 400 பாகம் ஓடியிருந்தால் இந்தக் கோபம் வந்திருக்குமா? சந்தேகம்தான். சுருக்கமாகச் சொன்னதால் சுருக்கென்று தைத்தது.

சோப்பு போட்ட கதை

இனி அமெரிக்கா.

1930-களில் அங்கே ரேடியோவில் பகல் நேரக் கதைகள் வந்தன. கேட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வேலை செய்யும் பெண்கள். அவர்களுக்கு என்ன விற்கலாம்? துணி சோப்பு விற்கலாம்! சோப்புக் கம்பெனிகளே பணம் போட்டுக் கதைகளை நடத்தின. அதனால், இந்தக் கதைகளுக்கு 'சோப்பு நாடகம்' என்றே பெயர் வந்துவிட்டது.

'கைடிங் லைட்' என்ற கதை 1937-ல் ரேடியோவில் தொடங்கியது. 1952-ல் டெலிவிஷனுக்கு வந்தது. 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. மொத்தம் 72 ஆண்டு! 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள்!

கதை நல்ல கதையா என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. கூட்டம் இருந்தால், முடிந்த கதையும் தொடரும். கூட்டம் குறைந்தால், முடியாத கதையும் நடுவில் நிற்கும். முன்பணம் கொடுத்தவர் மீனைத்தான் எண்ணுவார். கடலின் அழகை எண்ணமாட்டார்!

ஒரே கதை, இரண்டு அளவு

அரசியல் சூழ்ச்சிக் கதை ஒன்று. பெயர் 'ஹவுஸ் ஆப் கார்ட்ஸ்'. இதை பி.பி.சி. 1990-ல் 4 பாகமாக எடுத்தது. பிறகு இரண்டு முறை அதன் தொடர்ச்சி வந்தது. எல்லாம் சேர்த்து 12 பாகம்.

அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் கம்பெனி 2013-ல் இதே கதையை எடுத்தது. 2018-ல் முடித்தபோது 73 பாகம்!

நெட்பிளிக்சில் அப்போது விளம்பரம் இல்லையே? இல்லைதான். ஆனால் மாதா மாதம் சந்தா உண்டு. கதை முடிந்தால் சந்தாக்காரர் போய்விடுவாரே! அந்தப் பயம் கதையை நீட்டியது.

கடலோரக் கதை ஒன்றும் உண்டு. 2013-ல் இங்கிலாந்தில் வந்த 'பிராட்சர்ச்'. சின்னக் கடற்கரை ஊர். ஒருவரை ஒருவர் தெரிந்த ஜனங்கள். கரையில் ஒரு சிறுவனின் பிணம். கொன்றவன் யார் என்பது மட்டும் கதை அல்ல. ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை போனால் ஓர் ஊர் என்ன ஆகும் என்பதே கதை. முதல் கதை 8 பாகத்தில் முடிந்தது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இதை 'கிரேஸ்பாயிண்ட்' என்று எடுத்தார்கள். அதே கதாநாயகரைக் கூட்டிவந்தார்கள். 8 பாகத்தை 10 ஆக்கினார்கள். ஆனால் மக்கள் மனத்தில் ஒட்டவில்லை. அதோடு முடிந்தது. கதையைக் கடன் வாங்கலாம். ஊரைக் கடன் வாங்க முடியாது!

இரண்டிலும் நல்லது உண்டு

இங்கிலாந்து எல்லாம் தங்கம், அமெரிக்கா எல்லாம் பித்தளை என்று நினைத்துவிடக் கூடாது.

இங்கிலாந்திலும் நீளக் கதைகள் உண்டு. ஐ.டி.வி.யின் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரில் தொடங்கியது. 60 ஆண்டைத் தாண்டியும் ஓடியது! சாதாரணத் தொழிலாளர் தெருவின் கதை அது.

அமெரிக்காவின் 'தி ஒயர்' 2002 முதல் 2008 வரை 60 பாகம் வந்தது. பால்டிமோர் நகரின் போலீஸ், துறைமுகத் தொழிலாளி, பள்ளிப் பிள்ளை என்று ஒவ்வொருவர் வாழ்க்கையையும் காட்டியது. நீளமான கதைதான். ஆனால் வெட்டியாக நீண்ட கதை அல்ல. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் சந்தாக்காரர்கள். சோப்புக் கம்பெனி அல்ல!

அமெரிக்காவில் பல எழுத்தாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து கதை எழுதுவது வழக்கம். அதனால் பலருக்கு வேலை கிடைக்கிறது. அவர்களுக்குச் சங்கமும் உண்டு. 2023-ல் கூலிக்காகவும் வேலைப் பாதுகாப்புக்காகவும் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, புது ஒப்பந்தம் பெற்றார்கள்.

இங்கிலாந்திலோ பணக் கஷ்டம். பி.பி.சி.யின் தற்போதைய சாசனம் 2027 டிசம்பர் 31-ந்தேதி முடிகிறது. லைசென்சுப் பணம் நீடிக்குமா என்பதே அங்கே பெரிய விவாதம். ஊர் வரி நின்றால் கூத்து என்ன ஆகும்?

நம் வீட்டுக்கு வந்தது எது?

தமிழ்நாடு இரண்டையும் பார்த்துவிட்டது.

சென்னையில் டெலிவிஷன் 1975 ஆகஸ்டு 15-ந்தேதி தொடங்கியது. அந்தக் காலத்தில் நம் நாட்டிலும் ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் லைசென்சு உண்டு. தூர்தர்ஷனில் வாரம் ஒரு நாடகம் வரும். ஒரு மணி நேரத்தில் முடியும். தொடர் என்றால் 13 வாரம். இது இங்கிலாந்து வழி.

1984 ஜூலை 7-ந்தேதி டெல்லி தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரைத் தொடங்கியது. மெக்சிகோ நாட்டுத் தொடர்களைப் பார்த்து வந்த யோசனை அது. குடும்பக் கட்டுப்பாடு போன்ற நல்ல கருத்துகளைச் சொல்ல நினைத்தார்கள். கூடவே ஒரு நூடுல்ஸ் கம்பெனியின் விளம்பரமும் வந்தது. 150-க்கும் மேற்பட்ட பாகங்கள் ஓடியது. அங்கே பாதை திரும்பியது.

1993-ல் சன் டி.வி. வந்தது. பிறகு தினத் தொடர்கள் வீட்டுக்கு வீடு நுழைந்தன. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1,500-க்கும் மேற்பட்ட பாகங்கள் ஓடியது. இது அமெரிக்க வழி.

2006-ல் தமிழக அரசாங்கம் இலவச வண்ண டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெற்றன. ஏழை வீட்டுக்கும் படம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பெட்டி இலவசம் என்பதால் கதையும் இலவசம் ஆகிவிடாது!

ஒரு பாகத்துக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். 1,500 பாகத்துக்கு 750 மணி நேரம். இரவும் பகலும் கண் மூடாமல் பார்த்தால் 31 நாள்! விளம்பரக் கம்பெனி விலைக்கு வாங்குவது இந்த நேரத்தைத்தான். ரூபாயை நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. நேரத்தைக் குடும்பம் கொடுக்கிறது.

தினத் தொடரில் ஒரு நன்மையும் உண்டு. நாள் முழுவதும் மீன் விற்றுக் களைத்து வரும் பெண்ணுக்கு அது ஓர் ஓய்வு. பல பெண்கள் வெளியே சொல்ல முடியாத வேதனையை அது பேசியிருக்கிறது. அதைக் கேலி செய்வது தவறு.

ஆனால் லைட்ஹவுஸ் குப்பத்து ஜனங்களின் கதை அதில் எங்கே? ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. மீன் வரத்துக் குறைகிறது. 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்து போனது. இவை பெரிய கதைகள் அல்லவா? தபால் நிலையக்காரர்களின் கண்ணீரை 4 இரவில் சொன்னதுபோல, வலை இழுப்பவர்களின் கண்ணீரையும் 4 இரவில் சொல்லலாமே! அதற்குச் சோப்புக் கம்பெனி பணம் தருமா? எளிதில் தராது. பொதுப் பணத்தில் நடக்கும் தூர்தர்ஷன் செய்யலாம். செய்யும்படி மக்கள் கேட்கலாம்.

3 கேள்விகள்

மாலையில் பெட்டியைத் திறக்கும் குடும்பம் 3 கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கதைக்குப் பணம் கொடுப்பவர் யார்?

போன வாரம் நின்ற இடத்திலிருந்து கதை நகர்ந்திருக்கிறதா?

பார்த்து முடித்தபின், பிள்ளைகளோடு பேச ஒரு விஷயமாவது கிடைத்ததா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்றால், அது எந்த நாட்டு வழியானாலும் நல்ல நாடகம். 'இல்லை' என்றால், பெட்டியை மூடும் பொத்தான் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானுக்கு எந்தக் கம்பெனியும் முன்பணம் கொடுக்கவில்லை!